பாக்காதது என்று ஒரு வரி

போன மாதம் எங்கள் கார் ஷெட்டு பாயோட மகன் சலீம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வதற்கு அச்சடித்த தாள். கட்டம் கட்டமாகப் போட்டு, டயர், பிரேக், பேட்டரி, சீட்டு என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் டிக் அடிக்க இடம் விட்டிருந்தது.

"அத்த, எங்க அப்பாகூட இத்தினி வருஷம் வண்டி பாத்திருக்கீங்க. எதனா விட்டுப்போயிருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ரெண்டு நாள் உட்கார்ந்து முழுசும் படித்தேன். நன்றாகத்தான் போட்டிருந்தான் பிள்ளை. ஒரே ஒரு வரி இல்லை. தாளுக்கு அடியில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். பாக்காதது.

"இன்னா அத்த இது? பாத்ததை எழுதறதுக்குத்தானே தாளு. பாக்காததை எதுக்கு எழுதணும்?" என்று சிரித்தான். அப்பால, "அப்படின்னா எதுக்குன்னு நீங்களே எழுதிக் குடுங்க, மெக்கானிக் சங்கத்து மலர்ல போடறோம்" என்று சொல்லிவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

எனக்குப் பிறந்த ஊர் தேசூர் பக்கம். நிலம் இல்லாத குடும்பம். ஆரணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் லாரியில் கிளீனர். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, முப்பது வயசில், பாயோட ஷெட்டுக்கு வண்டி கழுவும் வேலைக்குப் போனேன். பாய் என்னைவிட நாலு வயசு சின்னவர். முதல் நாளே "அக்கா" என்று கூப்பிட்டார். இன்றைக்கும் அப்படித்தான். நான் அவரை "பாய்" என்பேன், "ங்க" போட்டுத்தான் பேசுவேன்.

வண்டி கழுவுகிறவளுக்கு வண்டியின் உள்ளே எல்லாம் தெரியும். மெக்கானிக் பானெட்டைத் திறப்பான், அடியில் படுப்பான். சீட்டுக்குக் கீழே கை விட்டுத் துடைக்கிறவள் நான்தான். ஒரு நாள் ஒரு வண்டியைத் துடைத்துக்கொண்டே, "பாய், இந்த வண்டி தண்ணியில நின்ன வண்டிங்க" என்றேன். எப்படித் தெரியும் என்றார். சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டினேன். உள்ளே சுருட்டிக்கொண்டிருந்த பாகத்தில் சேற்றுத் தண்ணீர் கோடு போட்டிருந்தது. வெளியே தெரிகிற பாகத்தை ஊர் கூடித் துடைத்தாலும் உள்ளே இருப்பதை யாரும் இழுத்துத் துடைப்பதில்லை.

அன்றையிலிருந்து யாராவது பழைய வண்டி வாங்கப் போகிறோம், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால் பாய் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். என்ஜினும் அடிப்பக்கமும் அவருக்கு. உள்பக்கம் எனக்கு. புரோக்கர்கள் சிரிப்பார்கள். "இன்னா பாய், வண்டி பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? கூட பொம்பளைய இட்டுகினு வந்திருக்கீங்க" என்பார்கள். பாய் பதில் பேச மாட்டார். வண்டி பார்த்து முடித்ததும் அவர்களும் பேச மாட்டார்கள்.

பாய் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போனதும் சொந்தக்காரருக்கு சலாம் வைப்பதற்கு முன்னால் பானெட்டின் மேல் கை வைப்பார். சூடாக இருந்தால், "காலையிலயே எங்கயோ போய் வந்தீங்க போல இருக்குது. ஆறட்டும், நாங்க டீ குடிச்சுட்டு வர்றோம்" என்று திரும்பிவிடுவார். நோய் உள்ள என்ஜின் சூட்டில் நல்லபடியாக ஸ்டார்ட் ஆகிவிடும், ஆறிக் கிடக்கும்போதுதான் இருமும். அப்புறம் டயரில் உள்ள நாலு எண்ணைப் படிப்பார். முதல் ரெண்டு எண் டயர் செய்த வாரம், அடுத்த ரெண்டு எண் வருஷம். அதை எனக்கும் சொல்லிக் கொடுத்தார். பேப்பர் படிக்க வருவதற்கு முன்னாலேயே எனக்கு டயர் படிக்க வந்துவிட்டது. மீட்டர் இருபதாயிரம் என்று சொல்லும், டயர் ரெண்டு தரம் மாற்றியிருக்கும். அப்படி இருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கும், இல்லாவிட்டால் அது மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். ரெண்டும் சந்தேகம்தான்.

எல்லாம் முடிந்த பிறகு வாங்குகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்துவார். வாங்கு என்றும் சொல்ல மாட்டார், வாங்காதே என்றும் சொல்ல மாட்டார். "பாத்தது இது" என்று சொல்லுவார். பிறகு ஒரு மூச்சு விட்டு, "பாக்காதது இது" என்பார். மழை நாளாக இருந்தால் ஏசி சரியாகப் பார்க்கவில்லை என்பார். வண்டியைத் தூக்கிப் பார்க்க இடம் இல்லாவிட்டால் அடிப்பக்கம் பார்க்கவில்லை என்பார். கேட்கிறவர்களுக்கு இது பேஜாராக இருக்கும். ஒருத்தர் கேட்டே விட்டார், "பாக்காததுக்கும் சேத்து உனக்குக் கூலி குடுக்கணுமா பாய்?" என்று. "அதுக்குத்தான் கூலியே. பாத்ததை நீங்களே பாத்திருப்பீங்க" என்றார் பாய்.

ஒரு தடவை போளூர் ரோட்டில் ஒரு புரோக்கர், "டாக்டர் ஓட்டின வண்டி. வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலேர்ந்து வீடு, அவ்வளவுதான்" என்றார். நான் பின்சீட்டைத் தூக்கினேன். பாதி ஊர் அங்கே இருந்தது. வேர்க்கடலைத் தோல், எத்தனையோ ஹேர்பின், விபூதிப் பொட்டலம், குழந்தைக் கொலுசு ஒன்று, காய்ந்த மல்லிகைப் பூ. வாடகைக்கு ஆள் ஏற்றி ஓட்டின வண்டி. எல்லாவற்றையும் எடுத்து பானெட்டின் மேல் வரிசையாக வைத்தேன். புரோக்கர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டாக்டருக்குப் பெரிய குடும்பம்மா" என்றார். பாய் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

இப்படியே வருஷம் போனது. நான் பார்த்தால் தப்பாது என்று ஊரில் பேர் வந்துவிட்டது. எனக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்துவிட்டது. அப்போதுதான் கமலா டீச்சர் வண்டி.

டீச்சர் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர். அவர் வீட்டுக்காரருக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்துக்கு ரெண்டு தரம் வேலூருக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து போய்விடுவார். வரும்போது உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஒரு நாள் கண்ணமங்கலத்தில் பஸ்ஸை நிறுத்திப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு டீச்சர் ஐம்பத்திரண்டு வயசில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். சின்ன வண்டியாக, அதிகம் ஓடாத வண்டியாக, நடுவழியில் நிற்காத வண்டியாக ஒன்று வேண்டும் என்று பாயிடம் சொல்லி வைத்தார்.

ஆற்றோரம் ஒரு சாயப்பட்டறைக்காரர் வீட்டில் அப்படி ஒரு வண்டி இருந்தது. பதினாலு வருஷத்து வெள்ளை கார். மீட்டரில் பதினெட்டாயிரம்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமியன்று, நல்ல நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பாய்க்கு ஆம்பூரில் சொந்தக்காரர் கல்யாணம். ஆயுத பூஜை அன்று ராத்திரிதான் திரும்புவார்.

"நீயே போய் பாத்துட்டு வாக்கா. நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்றார்.

இருபது வருஷத்தில் தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டுகிற வெளிர்நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

பட்டறை வீட்டில் பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. கொப்பரைகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். கொப்பரை என்றால் பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேக வைத்து, ஆசிட் ஊற்றிச் சாயம் ஏற்றுகிற பெரிய பாத்திரம். அதை ஒட்டின கொட்டகையில்தான் கார் நின்றது. காருக்கும் மாலை போட்டு, பொட்டு வைத்து, உள்ளே கால் வைக்கிற ரப்பர் மேட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு சின்னத் தட்டில் பூவும் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே இருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "உக்காரும்மா, நடந்தா வந்த?" என்று அவர்கள் குடிக்கிற அதே டம்ளரில் காபி கொடுத்தார். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த மாதிரித் தெருக்களில் எங்கள் அம்மா காலத்தில் எங்களுக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் என் மனசு நிறைந்துபோய்விட்டது. உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன்.

பிறகு வண்டியைப் பார்த்தேன். பானெட் ஜில்லென்று இருந்தது. நாலு டயரும் வண்டியோடு வந்த டயர், ஓரமெல்லாம் வெடிப்பு விட்டிருந்தது, அது மாற்ற வேண்டியதுதான். பெடல் ரப்பரில் கோடு அழியவில்லை. பெல்ட் முழுசும் சுத்தம். ஸ்டியரிங் பளபளக்கவில்லை. சர்வீஸ் பில்லை வீட்டம்மா பத்திரமாக வைத்திருந்தார், கிலோமீட்டர் வருஷா வருஷம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று ஏறியிருந்தது. தூரத்துக்கு என்றால் திருமலைக்கு ஒரு தடவை, காஞ்சிபுரம் கல்யாணத்துக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் எடுத்திருக்கிறார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை. மண்டி போட்டு, கதவுக்குள் தலையை விட்டுப் பெடலைப் பார்த்தபோது, மேட்டைத் தூக்க வேண்டும் என்று கை போனது. தட்டு இருந்தது. பூ இருந்தது. வீட்டம்மா பின்னால் நின்றுகொண்டு, "பூஜ போட்டது, பாத்து" என்றார். கையை எடுத்துக்கொண்டேன். இவ்வளவு மரியாதை கொடுத்தவர்கள் வீட்டில் நான் பூவைக் கலைப்பதா என்று நினைத்தேன்.

சாயங்காலம் டீச்சர் கேட்டார், "எப்படி எஸ்தர் வண்டி?"

"பதினெட்டாயிரம் நிஜம்தான் டீச்சர். புது வண்டி மாதிரி இருக்குது" என்றேன்.

பாத்ததைச் சொன்னேன். பாக்காததைச் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் அந்த நீலச் சேலையைத் துவைக்கப் போட்டேன். முழங்கால் பட்ட இடத்தில் பழுப்பாக ஒரு கறை. சேறாக இருக்கும் என்று கசக்கினேன். போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மஞ்சளாக விரிந்தது. அத்தனை வருஷம் கார் கழுவினவளுக்குத் துருக்கறை தெரியாதா? அந்த வண்டியில் நான் கண்ணால் பார்த்த இடத்தில் எங்கேயும் துரு இல்லை. அப்போது இது எங்கிருந்து உதிர்ந்தது? கதவுக்குக் கீழே, நான் பார்க்காத இடத்திலிருந்து. சேலையை அப்படியே வாளியில் போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

பாய் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கழுவினார்.

"மேட்டைத் தூக்கினியாக்கா?"

"இல்லீங்க பாய்."

"தூக்கலன்னு டீச்சருக்குச் சொன்னியா?"

பாய் கையைத் துணியில் துடைத்து, ஜாக்கியை எடுத்து ஸ்கூட்டரில் வைத்தார். ஒரு ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

பட்டறைத் தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டார். "நான் இங்கயே நிக்கறேன். நீ போய் பாரு. கூப்பிட்டா வர்றேன்."

"நீங்களும் வாங்க பாய். எனக்கு எப்படிப் போய் சொல்றதுன்னே தெரியல."

"நான் வந்தா பாய் வந்து கண்டுபிடிச்சாருன்னு ஆயிடும். நீ பாத்த வண்டி. நீயே பாத்து முடி" என்றார்.

அந்தத் தெருவில் இருபது வீடுதான் இருக்கும். அன்றைக்கு நடக்க நடக்க வளர்ந்துகொண்டே போனது.

டீச்சர் வந்துவிட்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். டீச்சர் கையில் சாவி இருந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது.

"டீச்சர், கொஞ்சம் நில்லுங்க. நேத்து நான் ஒன்னு பாக்கல" என்றேன்.

பட்டறைக்காரர் முகம் சுருங்கியது. "நேத்து ஒரு மணி நேரம் பாத்தியே. நல்ல நேரம் போவுதும்மா, ஜல்தியா எடுக்கட்டும்" என்றார்.

"ஐயா, தப்பு என் மேலதான். பூ இருந்துச்சுன்னு விட்டுட்டேன்."

தட்டை எடுத்து அந்த நாற்காலியின் மேல் வைத்தேன். டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கினேன். அதற்கடியில் வெல்வெட் துணி. அதையும் தூக்கினேன். அடியில் இருந்த பஞ்சு நனைந்த சாக்கு மாதிரி இருந்தது, சாயப்பட்டறை வாசனை அப்படியே அடித்தது. பஞ்சைக் கிழித்து ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. எடுத்ததும் ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. கொட்டகைத் தரையில் ஓடுகிற ஊதாத் தண்ணீர் தெரிந்தது.

"பாய்" என்று கூப்பிட்டேன். தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

பாய் வந்து, முன்சீட்டில் இருந்த சாரைக் கைத்தாங்கலாக இறக்கி அந்த வீட்டுக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, ஜாக்கி போட்டார். அடியில் படுத்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப் மரப்பட்டை மாதிரி உரிந்து, ஓரிடத்தில் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தது. "ஓங்கி ஒரு தரம் பிரேக்கை மிதிச்சா போதும், உடஞ்சுடும். அப்பால பிரேக் புடிக்காது" என்றார். வேலூர் ரோட்டில் புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவர் கையில், பக்கத்தில் சீக்காளியோடு. டீச்சர் சாவியைத் திண்ணையின் மேல் வைத்தார்.

பட்டறைக்காரர்தான் தாங்க முடியாமல் பேசினார். அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. "வண்டியை அதிகமா வெளியிலயே எடுக்கல. குழந்த மாதிரி வெச்சிருந்தேன். ஓடாத வண்டி எப்படிம்மா கெட்டுப்போவும்?"

நான் அவர் வீட்டம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "அம்மா, உங்க கல்யாணப் பட்டை நீங்க கட்டறது இல்ல. பீரோவுல பத்திரமாத்தான் வெச்சிருப்பீங்க. வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்து மடிப்பு மாத்தி வெக்கறீங்க இல்ல? மாத்தாம விட்டா இன்னா ஆவும்?"

"மடிப்புலயே விட்டுப்போயிடும்" என்றார் அந்தம்மா. சொல்லிவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தார். "அவங்க சொல்றது சரிதாங்க. கொப்பரை ஆவி முழுசும் இது மேலதானே அடிச்சுது. ஜன்னல் கம்பியே துருப்புடிச்சு ரெண்டு தரம் மாத்தினோம்."

ஊரே பட்டில் பிழைக்கிற ஊர். சேலைக்குத் தெரிந்தது காருக்கு யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் உண்மை. ஓடாத வண்டி என்றால் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். மீட்டர் நிஜம் என்றதும் சந்தோஷப்பட்டு எழுந்துவிட்டேன்.

பட்டறைக்காரர் மாலையைக் கழற்றிவிட்டு, டீச்சரிடம், "வேணாம்மா. இதை நான் உங்களுக்குக் குடுத்தா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அதோடு முடிந்தது.

டீச்சர் வீட்டுக்காரர் போகும்போது என்னிடம், "ஏன் எஸ்தர், நான் ரெண்டு நிமிஷம்தான் உக்காந்தேன். அதுக்குள்ள எழுப்பிட்டியே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

பத்து நாளில் வேறு வண்டி பார்த்துக் கொடுத்தோம். ஒரு லட்சத்துக்கு மேல் ஓடின வண்டி. பெடல் தேய்ந்து, ஸ்டியரிங் கறுத்து, சீட்டு அமுங்கி, பார்க்க லட்சணமாகவே இல்லை. ஆனால் தினமும் ஓடின வண்டி, திறந்த வெளியில் நின்ன வண்டி. மேட்டை நாலு பக்கமும் தூக்கினேன். பாய் முன்னால் நின்றுகொண்டு, "நீயே சொல்லுக்கா" என்றார். பாத்ததைச் சொன்னேன். பாக்காததையும் சொன்னேன். சார் இருந்த வரைக்கும், அஞ்சு வருஷம், வேலூருக்கு அந்த வண்டியில்தான் போய் வந்தார். வரும்போது சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு வருவார் என்று டீச்சர் சொல்லுவார். ஒரு தடவைகூட அது நடுவழியில் நிற்கவில்லை.

பாய் அந்த விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. இன்று வரைக்கும் என்னிடமும் சொல்லிக் காட்டவில்லை. தெரு முனையில் ஜாக்கியோடு நின்றாரே, அதற்கு நான் கடைசி வரைக்கும் நன்றி சொல்ல வேண்டும். இப்போது அவருக்கு மூட்டு வலி, ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தால், "ஒரு வரி எழுதறதுக்கு இத்தினி பேஜார் பண்ணியிருக்கியேக்கா" என்பார். சொல்லட்டும்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அதே பட்டறை வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் மகளுக்கு ஒரு பழைய கார் வாங்க வேண்டுமாம். விற்கிறவர் வண்டியை அவர்கள் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். காருக்குப் பக்கத்தில் அதே நாற்காலி போட்டிருந்தது. வீட்டம்மா காபி கொண்டுவந்து நீட்டினார்.

"வெச்சிடுங்கம்மா, இதோ வந்துடறேன்" என்றேன்.

பானெட்டில் கை வைத்தேன். பிறகு நாலு மேட்டையும் தூக்கி வெளியே போட்டேன். பட்டறைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கூடவே நின்றார். எல்லாம் முடிந்ததும் அவரே கேட்டார், "பாத்தது கேட்டாச்சு. பாக்காதது இன்னாம்மா?"

"ஏசி. மழைக்காலம், கூலிங் சரியா தெரியல. வெயில் வந்தப்புறம் ஒரு தரம் பாத்துக்குங்க."

தலையை ஆட்டினார். நான் கை கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. வீட்டம்மா சூடு பண்ணித் தருகிறேன் என்று டம்ளரைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்படியே குடித்தேன்.